வெள்ளியில் உயிர் இருந்ததா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

“வெள்ளி முளைச்சிருச்சு, எந்திரி” என்ற குரலுக்குக் கண்விழித்து வளர்ந்தவர்கள் நம் கல்லூரியில் என்னைப்போல் பலர் இருப்பர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களில் சுவர்க் கடிகாரம் வருமுன்பே காலம் காட்டி வந்தது வெள்ளிதான். அது கீழ்வானில் தெரியும் மாதங்களில் அதைப் பார்த்துத்தான் நம் முன்னோர் ஏர் பூட்டினார்கள். களை வெட்டப் புறப்பட்டார்கள். குடத்தோடு ஊற்றைத் தேடி நடந்தார்கள்.

ஒரு கோடை விடியலில், “அதுவும் நம்ம பூமி மாதிரி ஒரு உலகந்தான் அப்பத்தா. உருண்டை, பருமன் எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான்” என்று என் அப்பத்தாவிடம் சொன்னேன். எழுத்தறியாத அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏய்யா, அங்கிட்டுத் தண்ணி கிடக்கா?”

வானம் பார்த்த பூமியில் பிறந்தவருக்கு வேறு கேள்வி தோன்றாது. ஆனால் நண்பர்களே, தொலைநோக்கிகளையும் விண்கலங்களையும் வைத்துக்கொண்டு உலகத்து விஞ்ஞானிகள் வெள்ளியை நோக்கிக் கேட்டு வருவதும் இதே கேள்விதான். உயிர் இருந்ததா என்பது இரண்டாவது கேள்வி. நீர் தேங்கி நின்றதா என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கிடைத்தால் இதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

இது பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு உண்டு. “வெள்ளி ஒரு நெருப்புக் குண்டம், அங்கே எக்காலத்திலும் உயிர் இருந்திருக்க முடியாது” என்பார் ஒரு சாரார். “வெள்ளியில் உயிர் கண்டுபிடித்துவிட்டார்கள், செய்தியில் வந்ததே” என்பார் மற்றொரு சாரார். இவ்விருவரும் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. இதுவரை கிடைத்த சான்றுகள் “இல்லை” என்ற பக்கமே சாய்கின்றன. ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை. ஏன் என்று சொல்லவே இக்கட்டுரை.

மேகத்தை நம்பி ஏமாந்த கதை

1761ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் வெள்ளிக் கிரகம் சூரியனின் முகத்தைக் கடந்து சென்றது. அதைக் கவனித்த ரஷ்ய அறிஞர் லோமனோசோவ், வெள்ளியைச் சுற்றி ஒரு வாயுமண்டலம் இருக்கிறது என்று முடிவு செய்தார். அதே நிகழ்ச்சியைக் காண நம் புதுச்சேரிக்குப் புறப்பட்டு வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜான்டீல், போர் காரணமாகக் கரையிறங்க முடியாமல் கப்பலிலேயே நின்றுவிட்டார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் புதுச்சேரியில் எல்லாம் ஆயத்தமாக இருந்தபோது, வேண்டிய அந்த நேரத்தில் வானம் மப்புப் போட்டுக்கொண்டது. மேகம் ஒரு மனிதரின் எட்டாண்டு உழைப்பை விழுங்கிவிட்டது.

அவரை ஏமாற்றியது நம் மேகம். பின்வந்தவர்களை ஏமாற்றியது வெள்ளியின் மேகம். எந்தத் தொலைநோக்கியாலும் அக்கிரகத்தின் தரையைக் காண முடியவில்லை. எங்கும் வெண்மையான மேகமே மூடிக் கிடந்தது. மேகம் என்றால் நீராவி, நீராவி என்றால் மழை, மழை என்றால் சதுப்பு நிலமும் செடிகொடியும் என்று கற்பனை விரிந்தது. நோபல் பரிசு பெற்ற வேதியியல் அறிஞர் அர்ஹீனியஸ் கூட 1918இல் வெள்ளியை நீர் சொட்டும் சதுப்புக் காடாகவே வருணித்தார். கரியமில வாயு மிகுந்தால் பூமியின் உஷ்ணம் எவ்வளவு கூடும் என்று 1896இலேயே கணக்கிட்டவர் அவர்! அந்தக் கணக்கை வெள்ளிக்குப் பொருத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளியின் காற்றில் அந்த வாயு இருப்பதே 1932இல்தான் தெரியவந்தது.

மேகத்தை நம்பி ஏமாந்த கதையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசியில் தெற்கே கருத்துத் திரண்டு, இடி முழக்கிவிட்டு, ஒரு சொட்டும் போடாமல் கடந்து போகும் மேகங்களை ஆண்டுதோறும் பார்ப்பவர்கள் நாம். மேகம் வேறு, மழை வேறு என்பது கரிசல் காட்டின் முதற்பாடம்.

இன்றைய வெள்ளி

1962 டிசம்பர் 14இல் அமெரிக்காவின் மாரினர்-2 வெள்ளியைக் கடந்து சென்று, அதன் தரை மிகக் கொடிய வெப்பம் உடையது என்று உறுதி செய்தது. 1970 டிசம்பர் 15இல் சோவியத் ரஷ்யாவின் வெனீரா-7 அங்கே இறங்கி, வேறொரு கிரகத்தின் தரையிலிருந்து செய்தி அனுப்பிய முதல் கலம் என்ற பெயர் பெற்றது. 1982 மார்ச்சில் இறங்கிய வெனீரா-13, வண்ணப் படங்களை அனுப்பி, 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்து, பின் ஓய்ந்தது.

இக்கலங்கள் கண்ட உலகம் எப்படிப்பட்டது? வெள்ளியின் விட்டம் 12,104 கிலோமீட்டர். பூமியினுடையது 12,756. பொருண்மையில் பூமியின் ஐந்தில் நான்கு பங்கு. உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள் எனலாம். ஆனால் தரையின் வெப்பநிலை ஏறத்தாழ 465 டிகிரி சென்டிகிரேட். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 420இல் உருகும் என்பதை நம் வேதியியல் நண்பர்கள் அறிவர். காற்றழுத்தம் நம்முடையதைப்போல் சுமார் 92 மடங்கு. கடலில் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் மூழ்கியவன் உணரும் அழுத்தம் அது. காற்றில் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் கரியமில வாயு. அந்த வெண்மேகங்களோ அடர்ந்த கந்தக அமிலத் துளிகள். அங்கும் மழை உண்டு. அமில மழை. அதுவும் தரையைத் தொடுமுன் வெந்து ஆவியாகிவிடும்.

இன்றைய வெள்ளித் தரையில் உயிர் இல்லை. இதில் ஐயமில்லை. ஆனால் இன்று வறண்டிருப்பது என்றும் வறண்டிருந்ததாக ஆகுமா? சித்திரையில் வெடித்துக் கிடக்கும் கண்மாயை மட்டும் பார்த்துவிட்டு, “இங்கே தண்ணீர் நின்றதே இல்லை” என்று ஒரு வெளியூர்க்காரர் சொன்னால் நாம் சிரிக்கமாட்டோமா?

பந்தல்குடிக் கல் சொல்வது

இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று ஏன் இப்படி ஆயிற்று? சூரியனுக்கு அருகில் இருப்பதால் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. வெள்ளியின் மேல் விழும் சூரிய ஒளி நம்மைவிட ஏறத்தாழ இரு மடங்குதான். அதிலும் முக்கால் பங்கை அந்த வெண்மேகங்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கணக்குப் பார்த்தால், வெள்ளி உள்வாங்கும் வெப்பம் பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு! உள்ளே வந்த வெப்பத்தை வெளியே போகவிடாமல் மூடிய கரியமில வாயுப் போர்வைதான் அதைச் சூளையாக்கியது. பசுமை இல்ல விளைவு என்று பாடத்தில் படிப்பது இதுவே.

அப்படியானால் பூமியிலும் அவ்வளவு கரியமில வாயு இருந்திருக்க வேண்டுமே, அது எங்கே போயிற்று? இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடிப் பக்கம் போய், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் பார்த்தால் போதும். அந்தக் கல்லில் ஒரு துண்டை எடுத்து, நம் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை ஊற்றினால் பொங்கி வருவது கரியமில வாயு. காளவாசலில் சுட்டாலும் அதே வாயு வெளியேறும். பூமியின் கரியமில வாயுவில் பெரும்பங்கு இப்படிக் கல்லுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. உலகத்துச் சுண்ணாம்புக்கல் அனைத்தையும் சுட்டு வெளியேற்றினால், நம் வாயுமண்டலமும் வெள்ளியினுடையதற்குக் கிட்டத்தட்ட நிகராகிவிடும் என்பர்.

அதைச் சிறைப்பிடித்தது எது? நீர். மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது, பாறையை அரிக்கிறது, அரித்ததை ஆறு கடலுக்குக் கொண்டு சேர்க்கிறது, கடலடியில் அது சுண்ணாம்பாகப் படிகிறது. எரிமலைகள் வாயுவைக் கக்கிக்கொண்டே இருந்தாலும், மழை அதைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மழை நின்றால் இந்தக் கணக்கு தவறிவிடும். கல்லுக்குப் போக வேண்டிய வாயு ஆகாயத்திலேயே தங்கும். வெள்ளியில் நடந்தது இதுதான். மழை ஒருகாலத்தில் பெய்து பின்னர் நின்றதா, அல்லது தொடக்கம் முதலே பெய்யவில்லையா என்பதில்தான் விவாதம்.

உவர்க்கிணற்றுச் சாட்சி

இங்கே ஒரு தடயம் கிடைத்தது. அதுவும் ஒரு விபத்தால் கிடைத்தது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் பயனீர் வீனஸ் திட்டத்தைச் சேர்ந்த ஆய்வுக்கலம் ஒன்று வெள்ளியின் காற்றுக்குள் இறங்கியபோது, அதிலிருந்த வாயு ஆராயும் கருவியின் வாயை ஒரு கந்தக அமிலத் துளி அடைத்துக்கொண்டது. கருவி கெட்டுவிட்டதே என்று வருந்தியவர்கள், பின்னர் கணக்கைப் பார்த்து வியந்தார்கள். அந்தத் துளியில் இருந்த ஹைட்ரஜனில், கன ஹைட்ரஜனின் அளவு பூமியில் உள்ளதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இருந்தது. 1982இல் இதை வெளியிட்டார்கள். பூமியில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று கனமானது. வெள்ளியிலோ ஏறத்தாழ ஐம்பதுக்கு ஒன்று.

இதன் பொருள் என்ன? நம் பக்கத்து உவர்க்கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நீர் வற்ற வற்ற, எஞ்சிய நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. நீர் ஆவியாகிப் போய்விடுகிறது, உப்பு போவதில்லை. வெள்ளியிலும் அவ்வாறே. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நீராவியைப் பிளக்கின்றன. இலேசான ஹைட்ரஜன் எளிதில் விண்வெளிக்கு ஓடிவிடுகிறது. கனமானது பின்தங்குகிறது. பின்தங்கியது இவ்வளவு என்றால், ஓடிப்போனது ஏராளமாக இருந்திருக்க வேண்டும். இன்று வெள்ளியின் காற்றிலுள்ள நீராவி முழுவதையும் குளிர்வித்துத் தரையில் பரப்பினால் மூன்று சென்டிமீட்டர் உயரந்தான் நிற்கும். முன்பு சில மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை நிற்கும் அளவு நீர் இருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

“வெள்ளியில் கடல் இருந்தது” என்று எழுதுபவர்கள் இங்கேதான் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். உப்பு, நீர் போனதைத்தான் சொல்லும். அந்த நீர் கண்மாயில் அலையடித்து நின்றதா, மண்ணில் ஈரமாக இருந்ததா என்பதைச் சொல்லாது. கன ஹைட்ரஜனும் அப்படியே. வெள்ளியில் நீர் இருந்தது என்பதற்கு அது சாட்சி. அந்த நீர் மழையாக இறங்கிக் கடலாக நின்றதா, அல்லது ஆவியாகவே ஆகாயத்தில் இருந்து ஆவியாகவே போய்விட்டதா என்பதற்கு அது சாட்சியாகாது. உயிர் தோன்றத் தேவை தேங்கிய நீரேயன்றி, கொதிக்கும் ஆவியன்று.

கண்மாயா, கானலா?

இந்த இடத்தில் விஞ்ஞானிகளே இரண்டாகப் பிரிகிறார்கள்.

2016இல் அமெரிக்காவின் நாசா அறிஞர்கள் சிலர் கணிப்பொறியில் பழைய வெள்ளியை உருவாக்கிப் பார்த்தார்கள். வெள்ளி மிக மெதுவாகச் சுழல்கிறது. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து அங்கே நம் 117 நாட்கள். நீண்ட பகலில் கடல்நீர் ஆவியாகி, பகற்பக்கத்தில் அடர்ந்த மேகக் குடை விரிந்திருக்கும். அந்த நிழலில் கடல் இருநூறு கோடி ஆண்டுகள் வரை நிலைத்திருக்கலாம் என்றார்கள். பூமியில் உயிரின் பழைய தடயங்கள் 350 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அப்போது பூமிக்கு வயது நூறு கோடி ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருந்தது. ஆகவே இருநூறு கோடி ஆண்டு என்பது உயிர் முளைக்கப் போதுமான அவகாசமே.

2021இல் பிரான்சு, ஸ்விட்சர்லாந்து அறிஞர்கள் இதை மறுத்தார்கள். கடல் இருந்ததாகத் தொடங்கினால் கடல் நிலைக்கிறது, சரி. ஆனால் பிறந்த புதிதில் வெள்ளி உருகிய பாறையாகவும் நீராவியாகவும்தானே இருந்தது? அந்த நிலையிலிருந்து தொடங்கினால், மேகங்கள் பகற்பக்கத்தில் குடையாகாமல் இரவுப்பக்கத்தில் கம்பளியாகிவிடுகின்றன. வெப்பம் வெளியேறாது, நீராவி ஒருபோதும் மழையாகாது என்றார்கள்.

2024 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியில் வந்தார்கள். எரிமலை கக்கும் வாயு, கிரகத்தின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். பூமியின் எரிமலைகள் கக்குவதில் பெரும்பங்கு நீராவி. வெள்ளியின் காற்று இன்றைய நிலையில் நீடிக்க வேண்டுமானால், அதன் எரிமலை வாயுவில் நீராவி அதிகம் போனால் நூற்றுக்கு ஆறு பங்குதான் இருக்க முடியும் என்று கணக்கிட்டார்கள். வயிறு வறண்டிருக்கிறது, ஆகவே கடல் என்றுமே இருந்ததில்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கு வலுவாகத் தோன்றுகின்றன. இருப்பினும் மூன்றுமே கணக்குகள். நேரில் கண்ட சாட்சிகள் அல்ல. ஒரு கண்மாய் இருந்ததா என்று அறிய நாம் மடைக்கல்லையும் கரையையும் வண்டலையும் தேடுவோம். வெள்ளியில் அவை கிடைப்பது அரிது. 1990 முதல் 1994 வரை ரேடார் கொண்டு அதை அளந்த மகெல்லன் விண்கலம் கண்டது, பெரும்பாலும் நூறு கோடி ஆண்டுகள் கூட நிறையாத இளம் எரிமலைக் குழம்புத் தரையைத்தான். பழைய ஏடு எரிந்துவிட்டது. எஞ்சியிருப்பது நொறுங்கிச் சுருங்கிய சில மேட்டுநிலங்கள் மட்டுமே. அம்மேடுகள் நம் மதுரைச் சீமைக் கருங்கல் போன்ற பாறையாக இருந்தால் அது பெரிய சான்று. அத்தகைய பாறை பெருமளவில் உருவாக நீர் வேண்டும். 2021இல் நாசா தேர்ந்தெடுத்த டாவின்சி கலம், ஆல்ஃபா என்ற அத்தகைய மேட்டுநிலத்தின் மேல் காற்றைச் சோதித்துக்கொண்டே இறங்கும்படி திட்டமிடப்பட்டுள்ளது. அதுவரை தீர்ப்பு எழுதப் பேனாவை எடுக்கக் கூடாது.

மேகத்தில் ஒளிந்திருக்குமா?

தரை தீயாக இருந்தாலும் மேலே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் உயரத்தில் வெப்பமும் அழுத்தமும் நம் ஊர் அளவுக்கு இறங்கிவிடுகின்றன. ஆகவே 1967இல் மோரோவிட்ஸ், கார்ல் சேகன் என்ற இரு அறிஞர்கள், மேகங்களில் நுண்ணுயிர்கள் மிதக்கலாமே என்று எழுதினார்கள். 2020 செப்டம்பரில் ஜேன் கிரீவ்ஸ் என்ற அம்மையார் தலைமையிலான குழுவினர், அம்மேகங்களில் பாஸ்பீன் வாயு நூறு கோடிக்கு இருபது பங்கு தெரிவதாக அறிவித்தார்கள். பூமியில் அந்த வாயு, காற்றில்லாச் சேற்றில் நுண்ணுயிர்கள் உள்ள இடங்களில் தோன்றுவது. உடனே செய்திகளில் “வெள்ளியில் உயிர்” என்று தலைப்பு வந்தது. பின்னர் அக்குழுவினரே அளவைப் பெரிதும் குறைத்தார்கள். வேறு பலர் அந்த வாயுவே அங்கு இல்லை என்றார்கள். இந்த இரண்டாவது செய்தி முதற்செய்தியைப்போல் பரவவில்லை.

இதில் எனக்குத் திருப்தியளித்த வாதம் 2021இல் வந்தது. ஒரு பொருளில் உயிர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க நீர் எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு உண்டு. தூய நீருக்கு அது 1. நம் வீட்டு உப்புக்கண்டம் கெடாமல் இருப்பதற்கும், தேன் ஊசிப்போகாமல் இருப்பதற்கும் காரணம் இந்த அளவு குறைந்திருப்பதே. ஈரம் இருந்தும் கிருமிக்குக் கிடைக்காத ஈரம் அது. நாம் அறிந்த நுண்ணுயிர்களில் மிகக் கெட்டியானதற்கும் 0.585 வேண்டும். வெள்ளியின் அமிலத் துளிகளில் இருப்பதோ 0.004க்கு மேல் இல்லை. நூறில் ஒரு பங்கும் தேறாது. நம் பூமியின் உயிர் எதுவும் அங்கே பிழைக்காது. முற்றிலும் வேறு வகை உயிர் இருக்கலாமே என்பவர்களுக்கு, சான்று காட்டுங்கள் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

நமக்கு எதற்கு?

“குடிக்கத் தண்ணி லாரிக்கு நிக்கிறோம், உனக்கு வெள்ளியில தண்ணி தேடணுமா?” என்று என் சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சிரித்து ஒதுக்கக் கூடாது.

2024 செப்டம்பர் 18இல் நம் மத்திய அமைச்சரவை, வெள்ளியைச் சுற்றி ஆராயும் விண்கலத்துக்கு 1,236 கோடி ரூபாய் ஒதுக்க இசைவளித்தது. 2028 மார்ச்சில் ஏவுவது என்று திட்டம். 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒன்பது ரூபாய் கூட ஆகவில்லை. ஒரு தேநீரின் விலைக்கும் குறைவு. அதுவும் பல ஆண்டுச் செலவு. அந்தப் பணத்தை நிறுத்தினால் நம் கண்மாய்களில் ஒரு கூடை வண்டல் கூடுதலாக அள்ளப்படும் என்று நான் நம்பவில்லை. கண்மாய் தூர்ந்ததற்குக் காரணம் வேறு. அதற்காகக் கேட்க வேண்டிய இடமும் வேறு. அதையும் கேட்போம், இதையும் செய்வோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளியை நோக்குவது நமக்குப் புதிதன்று. வெள்ளி தென்திசை சென்றால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கையைச் சொல்லித்தான் பட்டினப்பாலை தொடங்குகிறது. அந்த நம்பிக்கை தவறாக இருக்கலாம். வெள்ளி நம் மழையைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. ஆனால் மழைக்கு ஏங்கியவனே வானத்தை உற்று நோக்கினான் என்பதற்கு அது சான்று. 1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பொதுமக்களுக்காக ஒரு விளக்க நூலை எழுதி, ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். அடுத்த இரண்டே ஆண்டில் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைத் தின்றது. பசியுள்ள நாட்டுக்கு இது எதற்கு என்று அவரிடமும் யாரேனும் கேட்டிருக்கக்கூடும். அவர் எழுதாமல் இருந்திருந்தால் பஞ்சம் வராமல் போயிருக்குமா?

நம் கலம் வெள்ளியில் உயிரைத் தேடப் போவதன்று. அதன் தரையையும் காற்றையும் சூரியனால் அதற்கு நேர்வதையும் ஆராயப் போகிறது. அதுவே போதும். ஒரே அளவில் பிறந்த இரண்டு உலகங்களில் ஒன்றில் மழை இறங்கிக் கடலாயிற்று, கரியமில வாயு கல்லாயிற்று, உயிர் முளைத்தது. மற்றொன்றில் மழை இறங்கவே இல்லை போலும். “நாம் நிலக்கரி எரித்தால் நாளை பூமியும் வெள்ளியாகும்” என்று பயமுறுத்துவோரும் உண்டு, அது மிகை. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகி, இன்னும் நூறு கோடி ஆண்டளவில் நம் கடல்கள் வற்றலாம் என்பதே கணக்கு. ஆனால் அந்தப் போர்வையின் இயற்பியல் இரு இடத்திலும் ஒன்றே. போர்வை தடித்தால் சூடு ஏறும். அதன் முதல் அடி கரிசல் காட்டு மானாவாரி விவசாயி மேல்தான் விழும்.

முடிவாக என் கருத்து இது: வெள்ளியில் இன்று உயிர் இல்லை. முன்பும் இல்லாமலிருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் “இருந்திருக்கவே முடியாது” என்று சொல்லும் உரிமை, அந்த மேட்டுநிலத்துக் கல்லைச் சோதித்துப் பார்த்த பிறகே நமக்கு வரும். இருந்தது என்று ஆசைப்பட்டுச் சொல்வதும், இல்லை என்று அலுத்துச் சொல்வதும் விஞ்ஞானம் ஆகாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நாம் இங்கிருந்து எடுத்துச் செல்ல வேண்டியது, இவ்வளவு தெரியும், இதற்குமேல் சான்று இல்லை என்று கூசாமல் சொல்லும் பழக்கம்.

நம் இயற்பியல் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி அந்தியில் தெரியும் மாதங்களில் ஒரு நாள், கல்லூரித் திடலில் சிறிய தொலைநோக்கி ஒன்றை வைத்து, சுற்றுவட்டார ஊர்க்காரர்களையும் அழைக்க வேண்டும். 1610இல் கலிலியோ கண்டதுபோல் வெள்ளி பிறைபோலத் தேய்ந்து வளர்வதை அவர்களும் காணட்டும். சூரியனை வெள்ளி கடப்பதை இனி 2117 டிசம்பரில்தான் பார்க்க முடியும். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிறையைக் காணவேனும் தடையில்லை. என் அப்பத்தாவை நான் அழைத்து வருவேன். “தண்ணி கிடக்கா?” என்று அவர் மீண்டும் கேட்பார். “இப்போ ஒரு சொட்டும் இல்லை அப்பத்தா. முன்னே கிடந்ததா என்று தேடுகிறார்கள், கிடந்திருக்காது போலத்தான் தெரிகிறது” என்பேன். அதற்கு மேல் இன்று யாரும் சொல்ல முடியாது.